முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்

தேனாம்பேட்டை சிக்னலில், சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு எரியட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா மேடம், யார்னா வரணுமா?” விளக்குக்காக நிற்கிறேன் என்றேன். “அது எரிஞ்சி எவ்ளோ நாளாவுது! கைய காட்டிக்கினு போய்க்கினே இரு மேடம்.” நான் பிறந்தது பக்கத்து அபிராமபுரத்தில்தான் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜெர்மனியில், ஹம்பர்க்கில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் என்னைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. அதன் கடைசிப் படி, சென்னைக் கிளையை அரை வருடம் நடத்துவது. என் கீழ் வேலை செய்பவர்கள் என் குறைகளை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதை எழுதி அனுப்பினால்தான் துறைத் தலைவர் பதவி. அங்கே இது சுலபம். முதல் பயிற்சியிலேயே லூக்காஸ் என்ற இளநிலை ஊழியன், “நீ கேட்பதே இல்லை, பதிலைத்தான் தயார் செய்கிறாய்” என்றான். கழிவறைக்குப் போய் அழுதேன். மதியம் அவனே எனக்கு நாற்காலி இழுத்துப்போட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டான். பழகிய பிறகு அந்த நேர்மை ஒரு நிம்மதி.

இங்கேயும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஊழியர்களை என் குறைகளைச் சொல்லச் சொன்னேன். “நீங்க சூப்பர் மேடம்” என்றார்கள் வரிசையாக. கல்பனா மட்டும் பக்கத்திலிருந்த செந்திலிடம் திரும்பினாள். “என் ஃபிரெண்டு ஒருத்தி, பாவம். அவங்கம்மா அடையாறுல ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஆபீஸ்ல தினம் சாயங்காலம் மீட்டிங். முடிச்சிட்டு ஓடினா, பாக்கற நேரம் முடிஞ்சிடுச்சுன்னு உள்ள விட மாட்டேங்கறாங்களாம்.”

“உங்க ஃபிரெண்டு மேனேஜர்கிட்ட நேரா பேசணும்” என்று, பயிற்சியில் கற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். “சொல்றேன் மேடம்” என்றாள். செந்தில் தரையைப் பார்த்தான்.

வீட்டில் இதைச் சொன்னதும் தங்கை உஷா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “அக்கா, அந்த ஃபிரெண்டு அவதான். மேனேஜர் நீதான். ஜாடையா பேசினாகூடவா புரியல உனக்கு?”

ஜாடைப் பேச்சிலேயே வளர்ந்தவள் நான். அப்பா மேல் உள்ள கோபத்தை அம்மா வாசலில் காய்கறிக்காரரிடம்தான் சொல்வாள். உள்ளே பேப்பர் படிக்கும் அப்பா மறுநாள் சீக்கிரம் வீட்டுக்கு வருவார். அந்தக் காது எனக்கு எப்போது போனதோ தெரியவில்லை. வெளிநாட்டில் இதைப் படிப்பவர்களே, உங்கள் காதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே, தினமும் மாலையில் நடத்திய கூட்டத்தை மதியத்துக்கு மாற்றினேன். ஹம்பர்க் மேலதிகாரி ஸ்டெஃபான் திரையில் கேட்டார்: “யார் மாற்றச் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை.”

“பிறகு ஏன்?”

ஜாடைக்கு ஜெர்மன் மொழியில் சொல் தேடித் தேடிக் களைத்துப்போனேன். “அப்படியானால் யாரும் குறை சொல்லவில்லை என்றே எழுது” என்றார், கனிவாகத்தான். எழுதி அனுப்பினேன். அதோடு பதவி இந்த முறை இல்லை என்றாகிவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் வாதாடத் தெம்பில்லை.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே கல்பனா பையை மாட்டிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. என் அறை வாசலில் நின்று செந்திலிடம் பேசினாள்.

“மேடத்த அவங்க ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க, இல்ல? அடுத்து வர்றவங்க எப்படி இருப்பாங்களோ!”

இந்த முறை புரிந்தது. போகாதே என்கிறாள். இதுதான் என் ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். நேராகச் சொல்வதா, ஜாடையாகச் சொல்வதா என்று நான் முடிவெடுப்பதற்குள் அவள் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டாள்.