மீன் கூடை ஐஸும் ஒரு குப்பி நொதியும்

போன வருஷம் சித்திரை வெயிலில், ஆவடி போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நரம்பு செல்கள் எப்படி வளர்கின்றன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. வளரும் நரம்பு செல் முதலில் நாலைந்து குட்டிக் கிளைகளை நீட்டும். அதில் ஒன்றுதான் நீண்ட நரம்பிழையாகும். எது என்று முடிவாவதில் சில நொதிகளுக்கு, அதாவது என்சைம்களுக்குப் பங்கு உண்டு. புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற துளியூண்டு துணுக்கை அவை ஒட்டிவிட்டால் போதும், புரதத்தின் குணமே மாறிவிடும்.

அப்படியொரு நொதி எங்களிடம் தீர்ந்துபோனது. செல்களிலிருந்து பிரித்தெடுத்த புரதமோ தயாராக இருந்தது, மறுநாள் வரை தாங்காது. நகரத்தில் தோழியின் லேபில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குப்பி வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ஐஸோடு வைத்து ரயிலேறினேன். சூடு பட்டால் நொதி வீண்.

வில்லிவாக்கம் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறாம். நேரம் போகப் போக ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. பல மாத உழைப்பு கண்ணெதிரே கரைகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலருகே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா, "இன்னாமா, பொட்டிய தொறந்து தொறந்து பாத்துகினு கீற?" என்றார். நரம்பு ஆராய்ச்சி, மருந்து மாதிரி ஒன்று, ஐஸ் போய்விட்டது என்று என்னென்னவோ உளறினேன்.

அவர் கூடை மேலிருந்த சாக்கை விலக்கி, இரண்டு கையாலும் ஐஸை அள்ளி என் பெட்டியில் போட்டார். மார்க்கெட் போய்ச் சேரும்வரை அவருக்கும் அது வேண்டுமே!

"ஐயோ, உங்க மீன் கெட்டுடுமேக்கா" என்றேன்.

"எம் மீனு போனா கருவாடு போட்டுக்குவேன். உன்னுது போனா இன்னா பண்ணுவே?"

ரயில் பெட்டியே சிரித்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். ஒருவழியாக ரயில் நகர்ந்து அம்பத்தூர் வந்ததும், ஒரு நன்றியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

லேபில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவு கவிச்சி! ஆனால் குப்பி சில்லென்று இருந்தது. அன்றே சோதனையைச் செய்தோம். மறுநாள் வந்த முடிவில், துணுக்கு ஒட்டியதைக் காட்டும் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. பெட்டியை எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. தூக்கிப்போட எனக்கும் மனசு வரவில்லை.

துளியூண்டு துணுக்கு என்னவெல்லாம் செய்யும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, தன் மீனைப் பற்றி யோசிக்காமல் எனக்காக ஐஸ் அள்ளிய அந்த ஈரக் கைகள்தான்.