பிரேக்கம்மாவின் வலது கால்

பணிமனையில் அவருக்குப் பிரேக்கம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியும் யார் மீதும் மோதியதில்லை. பந்துக்குப் பின்னால் ஓடிவந்த பிள்ளையானாலும், கைபேசியைப் பார்த்தபடி சாலையில் இறங்கியவரானாலும், அவர் யோசிக்கும் முன்பே வலது கால் முந்திக்கொண்டு பிரேக்கை மிதித்துவிடும். நின்றுகொண்டு வந்த பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து திட்டுவார்கள். "திட்டுறதுக்கு எல்லாரும் உசிரோட இருக்கீங்கல்ல, போதும்" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

அவருடைய தடத்தின் கடைசி நிறுத்தம் ஏரிக்கரை. அங்கே வண்டி பதினோரு நிமிடம் நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஏரியில் விளையாடும் சிலரைப் பார்த்தார். காற்றடைத்த இறக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகை மேல் நின்றார்கள். பலகைக்கு அடியில் ஒரு கம்பம். கம்பத்தின் நுனியில், தண்ணீருக்குள், விமானத்தினுடையதைப் போல இன்னொரு சின்ன இறக்கை. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது மந்தமான ஒருவருக்கு அந்த அமைதி தேவைப்பட்டது. அந்த விளையாட்டுக்கு விங் ஃபாயிலிங் என்று பெயர்; ஐம்பத்து மூன்றாவது வயதில் அதன் வகுப்பில் சேர்ந்தார்.

"ஊர்ல இல்லாத கூத்தா இருக்கேக்கா! இந்த வயசுல தண்ணிக்கு மேல பறக்கணுமாக்கும்?" என்றாள் தங்கை.

"தண்ணி என் வயசக் கேக்கல. நீ ஏண்டி கேக்குற?"

"கையக் கால ஒடச்சுக்கிட்டு வந்தா யாரு பாக்குறது?"

"நீதான். பொலம்பிக்கிட்டே பாப்ப."

ஏரியில் இரண்டு மிதவைகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதுவரை பலகை தண்ணீரைத் தொடாமல் போய்க் காட்டுபவர்களுக்குத்தான் தனியாகச் செல்லப் பலகை தருவார்கள். அது பயிற்சிப் பள்ளியின் விதி. காற்றுப் பருவம் முடியப்போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையும் முடியாவிட்டால் அடுத்த பருவத்தில் சேர்க்க மாட்டேன் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். "துடுப்புப் படகு வகுப்பு இருக்கும்மா, அதுக்கு வாங்க" என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஏழு வாரத்தில் மண்டியிட்டு ஏறுவது வந்துவிட்டது. எழுந்து நிற்பதும் வந்துவிட்டது. பலகை எழும்பும்போதுதான் தகராறு. பயம் வந்தவுடன், பின்னால் ஊன்றியிருந்த வலது கால் ஓங்கி மிதிக்கும். ஆனால் இந்தப் பலகையில் பின்னங்காலை அழுத்தினால் இன்னும் மேலே ஏறும். அடி இறக்கை தண்ணீருக்கு வெளியே வந்ததும் எல்லாம் கவிழும். நிறுத்த நினைத்த ஒவ்வொரு முறையும் அவர் தூக்கி எறியப்பட்டார்.

"அந்த வலது கால மறந்துடுங்கம்மா" என்றார் பயிற்சியாளர்.

"மறக்குறதா? அந்தக் காலால எத்தனை பேரு முழுசா வீடு போய்ச் சேந்திருக்காங்க தெரியுமா?"

"இங்க ரோடு இல்லையே."

"கால் அதே கால்தானே தம்பி."

பழக்கத்தை விடு என்று சொல்வது எளிது. சில பழக்கங்கள் சட்டை மாதிரி, கழற்றிப் போடலாம். சில பழக்கங்கள் தோல். எது எது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை விழுந்தார். பயிற்சியாளர் படகை அருகில் கொண்டுவந்தார். "போதும்மா."

பிரேக்கம்மா பலகையைப் பிடித்தபடி மிதந்தார். "முன்னங்கால அமுக்குனா என்ன ஆகும்?"

"கீழ எறங்கும். இதத்தான் ஏழு வாரமா..."

"அப்ப என் பிரேக் தப்பான எடத்துல இருக்கு. வலது கால் முன்னாடி வரணும்."

"இப்பப் போய்க் கால மாத்துனா பழகினதெல்லாம் போயிடும்மா. காத்துக்கு ஏத்த மாதிரி எதிர்ப்பக்கமா வேற போகணும்."

"எதிர்ப்பக்கம்தானே, போவோம். அந்தக் கோடி மிதவைக்கு இழுத்துட்டுப் போங்க, அங்கேருந்து இந்த மிதவைக்கு வரேன்."

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு இழுத்துப் போனார்.

கிளம்பியதில் எந்த நளினமும் இல்லை. இடுப்பு ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். பலகை எழும்பியது, பயமும் வந்தது. வலது கால் மிதித்தது. பலகை பணிந்து இறங்கி, தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது, கால் தளர்ந்ததும் மறுபடி ஏறியது. ஏறுவதும் இறங்குவதுமாக, கூட்ட நேரத்துப் பேருந்து போல அது குலுங்கிக்கொண்டே போனது. அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பலகை தண்ணீரைத் தொடவில்லை. மிதவையைத் தாண்டி இருபது அடி போய் விழுந்தார்.

படகு வந்தது. பயிற்சியாளர் கையில் பதிவேடு இருந்தது, பேனாவை இன்னும் திறக்கவில்லை. "தாண்டிட்டீங்க. ஆனா இப்படிக் குலுங்கிக்கிட்டேவா? ஒருதரம் ஒழுங்காப் போய்க் காட்டுங்க."

"குலுங்கக் கூடாதுன்னு விதியில இருக்கா?"

பயிற்சியாளர் யோசித்தார். இல்லை. கையெழுத்துப் போட்டார்.

"இனிமே நான் தனியாப் போலாம்ல?"

"போலாம்மா."

"அப்ப படகக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. வழியில நிக்கிறீங்க."