வகாப் பாய் திருப்பிக் கொடுத்த பொய்மீன்

வகாப் பாய் போய்விட்டார் என்ற செய்தியை முட்டுக்காட்டுப் படகுக்காரர் எல்லப்பன்தான் கொண்டுவந்தார். எங்கள் செங்கல்பட்டிலேயே நடந்த சாவை எங்களுக்குச் சொல்ல முட்டுக்காட்டுக்காரர் வரவேண்டியிருந்தது. ஓட்டலில் நான் இரண்டாவது காபிக்குச் சொல்லியிருந்தேன்.

"பாய் மௌத்தாயிட்டாரு சார். நீ இன்னாடான்னா குந்திகினு காபி குடிக்கிற."

சாரும் நீயும் ஒரே மூச்சில். குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பாயிடம் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எங்கள் மூவருக்கு, அதாவது வக்கீல், மருந்துக்கடைக்காரர், நான், அவர் தூண்டில் வைத்தியர். கப்பலேறிய துரைமார்கள் விட்டுப்போன பொய்மீன்கள் எங்களிடம் இருந்தன. மரத்திலும் பித்தளையிலும் செய்தவை. நிஜ மீன் ஏமாந்து கவ்வினால் அடியில் தொங்கும் முள்ளில் மாட்டும். அவற்றை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் முட்டுக்காட்டில் நாங்களே துரைகளாக உலவினோம். உப்புத்தண்ணீரில் துருவேறிய முள்ளைப் பாய் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கடிகார அரத்தால் தீட்டி, முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி அரம்.

"மீனை ஏமாத்தறதா இருந்தாலும் ஒழுங்கா ஏமாத்தணும்யா" என்பார்.

வாய் பொல்லாதது. ஈரம் துடைக்காமல் டப்பாவில் போட்டு வைத்த முள்ளை ஒருமுறை அவரிடம் நீட்டினேன். "உன் கட்டுரையும் இப்படித்தான் துரு புடிச்சு கீது" என்றார். வக்கீல் அதற்கு இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பாய் படுத்த படுக்கையானதும், அவர் மனைவியின் தம்பி காதர் எங்களைத் தேடி வந்தார். "உங்க சாமானெல்லாம் ரெடியா கீதாம். வந்து வாங்கிக்கினு, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவச் சொன்னாரு." வக்கீலுக்கு வாய்தா. மருந்துக்கடைக்காரருக்குப் பாயின் இருமல் தொற்றிக்கொள்ளும் என்ற பயம். எனக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை பாக்கி. அதுவும் நன்றாக வரவில்லை. மழைக்காலம் முழுதும் இப்படியே போயிற்று.

அடக்கம் முடிந்து பாய் வீட்டு வாசலில் துக்கமாக நின்றோம். வக்கீல்தான் முதலில் கனைத்தார். "நம்ம சாமான் சிலது பாய்கிட்ட இருந்தது..."

காதர் உள்ளே போய் மூன்று பொட்டலங்களோடு வந்தார். பிரித்தோம். செவுளில் புதுச் சிவப்பு, கண்ணில் கறுப்பு, முகம் பார்க்கிற அளவுக்குப் பித்தளையில் பளபளப்பு. அடியில் வெறும் வளையம்தான் தொங்கியது.

"முள்ளு எங்கேப்பா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மச்சான்தான் கழட்டினாரு. நீங்க வருவீங்கன்னு தீட்டிகினே இருந்தாரு. அப்பால ஒருநாள் மொத்தத்தையும் எல்லப்பன் கையில குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமையானா அந்தாளுதான் பஸ் ஏறி வந்து பக்கத்துல குந்தும். 'வயித்துக்கு மீன் புடிக்கிறவனுக்கு முள்ளு. இவனுங்களுக்கு மினுக்கு போதும்'னாரு."

"கடைசியிலே பாய்க்கு மூளை கலங்கிடுச்சு" என்று பொட்டலத்தை மடித்தார் வக்கீல்.

பாய் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பொய்மீன்தான். மேஜைமேல் கிடக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து அழகு என்கிறார்கள். வக்கீல் தன்னுடையதில் கடையில் வாங்கிய முள்ளை மாட்டிக்கொண்டு சென்ற ஞாயிறு முட்டுக்காட்டுக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார்.

படகு எல்லப்பனுடையது. நான் போகவில்லை.