ஏழாம் கட்டிலுக்கு ஒரு சிட்டிகை

பிரசவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்குக் கரண்டியக்கா என்று பெயர். கையில் கரண்டியில்லாமல் அவளைப் பார்த்தவர் யாரும் இல்லை. எந்தக் கர்ப்பிணிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது பெரிய டாக்டருக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும். குமட்டுகிறவளுக்கு ஒரேயடியாகத் தட்டை நிரப்பமாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுத்தனுப்புவாள். ரத்தம் குறைந்தவளுக்குக் கீரை, மேலே எலுமிச்சை பிழிந்து. பிழியாவிட்டால் கீரை உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும் என்பாள். மனைவிக்கு அரைவேக்காட்டு முட்டை கேட்டு வந்த ஒருவரை, "பிள்ளை பொறந்தப்புறம் வாங்க, பச்சையாவே தர்றேன்" என்று விரட்டியிருக்கிறாள்.

எல்லாம் சரிதான், ஆனால் உப்பு டப்பாவை மட்டும் தொடமாட்டாள். பக்கத்து அடுப்புக்காரர்தான் வந்து போடவேண்டும். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "ஏம்மா, நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டார். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் கரண்டி பறந்திருக்கும். இவளோ நிதானமாக, "இல்லண்ணே" என்றாள். அது உண்மை. பதினைந்து வருஷமாக அவள் உப்புப் போட்டுச் சாப்பிடவில்லை.

காரணம் ஏழாம் கட்டில்.

ரத்த அழுத்தம் ஏறியவர்களின் தட்டுக்கு அப்போதெல்லாம் மூடியில் சிவப்புக் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டிய தட்டில் ஒரு கல் உப்பு இருக்கக்கூடாது. ஏழாம் கட்டிலில் எட்டு மாதக்காரி ஒருத்தி, கையும் காலும் முகமும் வீங்கிப்போய்க் கிடந்தாள். அவள் தட்டு நான்கு நாளாகப் போனபடியே திரும்பி வந்தது. சமைத்தவளுக்கு மனசு கேட்குமா? ஐந்தாம் நாள் மதியம் தானே தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு சிட்டிகை போடுக்கா. வாய்க்குள்ள போகமாட்டேங்குது. புள்ள பட்டினியா கெடக்குதுக்கா."

கரண்டியக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். கீழே போய், பருப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, மறுபடி கயிற்றைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டு வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பியது. அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலை ஏழாம் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாய் இருந்து என்ன பிரயோஜனம்? கேட்டால், 'தட்டில் உப்புப் போட்டது யார்?' என்று திருப்பிக் கேட்பார்களே என்ற பயம். அந்த வார்டு நர்ஸும் அந்த வாரமே வேலை மாறிப் போய்விட்டார். கேட்காத கேள்வி அவள் கூடவே குடிவந்துவிட்டது. அன்றிலிருந்து உப்பு டப்பாவின் மூடியைத் திறந்தால் போதும், காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்கும்: 'ஒரே ஒரு சிட்டிகை போடுக்கா.' பட்டப்பகலில், நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் சமையலறையில்தான் கேட்கும். முந்தானையை யாரோ இழுப்பதுபோலவும் இருக்கும். திரும்பிப் பார்த்தால், முந்தானை மாட்டிக்கொள்ள ஓர் ஆணிகூட இருக்காது.

வீட்டிலும் உப்பில்லாமல்தான் சமைத்தாள். மேஜைமேல் ஒரு டப்பா இருக்கும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். மகள் அப்படியே வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது ஏழு மாதம். மருமகனுக்கு வெளியூர் வேலை, அதனால் அம்மாவோடு இருந்தாள். அவள் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே மேஜையிலிருந்த உப்பு டப்பா காணாமல் போனது. "எனக்கு பிரஷர் எல்லாம் நார்மல்தாம்மா" என்று மகள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பார்த்துப் பார்த்துத்தான் சமைத்தாள். மீன், பயறு, கேரட், காய்ச்சிய பால், எதற்கும் குறைவில்லை. உப்பு மட்டும் இல்லை. மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா, வயிறு ரொம்பிடுச்சு" என்று எழுந்துவிடுவாள். தட்டு திரும்பி வரும். உப்புப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். பாவி, இரண்டு பயத்துக்கும் நடுவில் பெற்ற பெண்ணைப் பட்டினி போட்டாள்.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்கு அன்றுதான் முதல்முறையாகக் கரண்டியக்காவும் மகளோடு போனாள். எடை பார்த்த நர்ஸம்மா முகம் சுளித்தார். "ஒரு மாசமா எடை ஏறவே இல்ல. புள்ளையும் வளர்ச்சி கம்மியா தெரியுது. இப்படியே போனா சரிப்படாது. என்னதான் சாப்பிடுறே?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பொலபொலவென்று அழுதுவிட்டாள். "உப்பே இல்ல சிஸ்டர். வாயில வைக்க முடியல. அம்மா மனசு நோகும்னு சொல்லல."

நர்ஸம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு அம்மாவை உற்றுப் பார்த்தார். "நீ கரண்டியக்காதானே? உனக்கா இந்த புத்தி?"

முடி நரைத்திருந்தாலும் அதே பழைய வார்டு நர்ஸ். அடைபட்டிருந்ததெல்லாம் அங்கேயே உடைந்தது. கரண்டியக்கா எடை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "நான்தான் உப்பு போட்டேன். நான்தான் அவளைக் கொன்னேன்."

"அட பைத்தியக்காரி," என்றார் நர்ஸம்மா. "ஒரு சிட்டிகை உப்பால வர்றதும் இல்ல, அதை நிறுத்துனா போறதும் இல்ல அந்த வியாதி. வரும்போதே முத்திப் போயிருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாயும் போயிட்டா, புள்ளையும் போயிடுச்சு."

பதினைந்து வருஷமாகக் கேட்கப் பயந்த பதில் அதுதான். கரண்டியக்கா அழக்கூட இல்லை.

"ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே ஒண்ணு சொன்னா. 'சமையல்கார அக்காகிட்ட சொல்லிடுங்க, சாப்பாடு நல்லா இருந்துச்சு, வயிறார சாப்பிட்டேன்'னு. நான்தான்... மாத்தல் வந்த அவசரத்துல மறந்தே போயிட்டேன்."

"மறந்துட்டீங்களா?" என்றாள் கரண்டியக்கா. "பதினஞ்சு வருஷம் சிஸ்டர்!" அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து உப்பு டப்பாவை இறக்கினாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. மகள் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கரண்டியக்கா டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

'ஒரே ஒரு சிட்டிகை போடுக்கா.'

குரல் போய்விடவில்லை. அதே இடத்தில், அதே பசியோடு கேட்டது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிட்டிகை எடுத்துப் போட்டாள். இன்னொரு சிட்டிகையும் போட்டாள்.

"போட்டாச்சும்மா," என்றாள் வாய்விட்டு. "உக்காந்து சாப்பிடு."

"யார்கிட்டம்மா பேசுற?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

கரண்டியக்கா சட்டியை எடுத்துக்கொண்டு வந்து பரிமாறினாள். மகள் முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"உப்பு தூக்கல்மா," என்றாள், அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் ஊத்து."