வேகாத தாமரை விதை

என் அப்பா ஃபங் பாக்சூன், தென்சீனாவின் ஷுன்தே வட்டாரத்தில் கல்யாணச் சமையல்காரர். கடை கிடையாது. எந்த ஊரில் கல்யாணமோ அந்த ஊர்க் குலக்கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டுவார். மீனின் தோலைக் கிழியாமல் உரித்து, சதையை அரைத்து, அதே தோலுக்குள் அடைத்துப் பொரிப்பார். தட்டில் அது முழு மீனாகத்தான் படுத்திருக்கும். அவர் வேகவைத்த கோழியில் எலும்போரம் லேசாகச் சிவப்பு தெரியும். அதுதான் பதம். சென்ற மாதம் இறந்தார். நுரையீரல். அறுபத்தொன்பது வயது.

நான் பெயிண்ட் ஆலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். எந்தக் கட்டத்தில் தவறு, யாருடைய தவறு என்று எழுதுவது என் வேலை. ஒன்றை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன்.

லெலியூ ஊரில் மாக் வீட்டுக் கல்யாணம். இருபத்தாறு மேசைகள். அப்போது நான் வேதியியல் கடைசி வருடம், விடுமுறையில் வந்திருந்தேன். கடைசியாகத் தாமரை விதையும் லில்லிக் கிழங்கும் போட்ட இனிப்புக் கஞ்சி வர வேண்டும். மணமகளுக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்றுதான் அந்த விதை. அது வராமல் கல்யாணச் சாப்பாடு முடியாது. அப்பா என்னை அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"விரல்ல நசுங்கணும். அப்புறந்தான் சர்க்கரை. முன்னாடி போட்டா விதை கல்லாயிடும். புரியுதா, பட்டதாரியம்மா?"

"நூறு தடவ சொல்லிட்டீங்கப்பா."

மணப்பெண் மாமியாருக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கு தொடங்கியது. பெண்கள் எல்லாரும் பார்க்க ஓடினார்கள். நானும் கற்கண்டு முழுவதையும் அண்டாவில் கொட்டிவிட்டு ஓடினேன். விதை அப்போது பாதி வேக்காடு. சர்க்கரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பரிமாறும் நேரத்தில் அப்பா ஒரு விதையை எடுத்து அழுத்தினார். நசுங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

"சர்க்கரைய எப்பம்மா போட்ட?"

"கடைசியிலதான்பா."

என் முகத்தைப் பார்த்தார். நம்பினார். "அப்ப விதை வித்த கான் பழசத் தள்ளிவிட்டுட்டான்" என்றார். வேறு வழியில்லாமல் கிண்ணங்கள் மேசைக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் இருபத்தாறு மேசைகளிலும் பீங்கானில் துப்பிய விதை விழும் சத்தம் கேட்டது.

மணமகளின் சித்தப்பா எழுந்து நின்றார். "ஃபங் அண்ணே! எங்க பொண்ணுக்குப் புள்ள பொறக்கணும்னு கேட்டா, சுத்தியலால ஒடச்சுத்தான் எடுக்கணும்போல!"

மண்டபம் சிரித்தது. மணமகளின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு வருடம் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இல்லை. ஊர் எங்கள் கிண்ணத்தைத்தான் குறை சொன்னது. அப்பாவுக்குக் கல்யாணங்கள் குறைந்தன, பிறகு நின்றன. சாவு வீடுகளுக்கு வழக்கமான ஏழு வகை சமைக்கக் கூப்பிட்டார்கள். போனார். அங்கே யாரும் ருசியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கான் யூத்திங், உலர்பொருள் வியாபாரி. பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவின் சினேகிதர். தினமும் காலையில் இரண்டு பேரும் ஒரே தேநீர்க்கடையில் ஒரே கூடை இறால் கொழுக்கட்டையைப் பங்கு போட்டுத் தின்றவர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் அப்பா மிச்சமிருந்த விதை மூட்டையைத் தூக்கிப்போய் அவர் கடை வாசலில் கொட்டினார். அன்று மாலையே கான் மாமா ஒரு கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாக்சூன், நீ கொட்டுனதுலேர்ந்துதான் பொறுக்கி வேகவச்சேன். வெண்ணெயா இருக்குடா. ஒண்ணே ஒண்ணு வாயில போடு."

"வேற மூட்டையில எடுத்திருப்ப. போடா."

"ஏன்டா, நாப்பது வருஷத்துல உன்ன ஒரு தடவையாவது ஏமாத்தியிருக்கேனா?"

"நேத்து ஏமாத்துனல்ல."

கதவு திறக்கவில்லை. நான் உள்ளே, தாழ்ப்பாளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். அப்பா அடிக்கக்கூடியவர் இல்லை. பட்டதாரி மகளைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறவர். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அவர்கள் பேசவில்லை. அப்பா தேநீர்க்கடையை மாற்றினார். கொழுக்கட்டைக் கூடையில் நான்கு இருக்கும். இரண்டைத் தின்றுவிட்டு மீதியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் விடுமுறையில் வந்தால் அதைத் தின்பேன்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் கான் மாமாவின் கடைக்குப் போனேன். தலையில் வெள்ளைக் கம்பளிப் பூ. துக்கத்தில் இருப்பவர்கள் அடுத்தவர் வாசல் ஏறக்கூடாது, தெருவிலேயே நின்றேன்.

"உள்ள வா பொண்ணே."

"வேண்டாம் மாமா. மாக் வீட்டுக் கல்யாணத்துல சர்க்கரைய முன்னாடியே போட்டது நான். அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

அவர் கையிலிருந்த காய்ந்த காளானைத் திரும்பச் சாக்கில் போட்டார்.

"உங்கப்பனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

தலையாட்டினேன்.

"அவன்கிட்டதானே சொல்லியிருக்கணும். ஒரு நாள் கத்தியிருப்பான். மறுநாள் வந்து என் சிகரெட்டத் திருடியிருப்பான்." சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். "எத்தன வருஷம் ஆச்சு?"

"பதினேழு."

"பதினெட்டு" என்று திருத்தினார். "நீ எண்ணல. நான் எண்ணியிருக்கேன்."

பிறகு கடைக்குள் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.