பின்சுவரில் அக்கா வரைந்தது

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்துப் பட்டம் வாங்கிய அக்கா, பசறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவள் படங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. நிறங்கள் மட்டும்தான். எனக்கோ பித்துப் பிடித்துவிட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, அரூப ஓவியம் என்றால் என்ன என்று வகுப்பெடுத்தேன். கேட்டவர்கள் பாவம்.

படம் வரையக் கித்தான் வாங்க வசதியில்லை. அதனால் எங்கள் வீடான காம்பராவின் பின்சுவரையே எடுத்துக்கொண்டாள். கடைகளில் மிஞ்சிய பெயின்டில் களிமண்ணைக் குழைத்துப் பட்டை பட்டையாக அப்பினாள். கருநீலம், அதன் கீழே துரு நிறம், அதன் கீழே இன்னொரு கருநீலம். மாதக்கணக்கில் நடந்தது.

“ஏன் புள்ள, பிரஷ்ஷ தொடச்சி முடிச்சிட்டு படத்த எப்ப போடுவ?” என்று பக்கத்துக் காம்பரா அத்தை கேட்பார்.

“இன்னும் தொடச்சி முடியல அத்த.”

நான் அதைப் போனில் படம் பிடித்துக் கொழும்பில் ஓவியக் கண்காட்சி வைப்பவர்களுக்கு அனுப்பினேன். நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அன்றே அதை அத்தை வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அந்த வருட மழையில்தான் சுவர் வெடித்தது. மேல் மூலையில் தொடங்கி, மூன்று பட்டைகளையும் சாய்வாக அறுத்துக்கொண்டு ஒரு கோடு. பெயின்ட் காய்ந்து வெடித்திருக்கும் என்றேன். அக்கா நகத்தை விட்டுப் பார்த்தாள்.

“பெயின்ட் வெடிச்சா தோலாட்டம் சுருளும். இது உள்ளேருந்து வருது. சுவரு நகருது.”

வெறும் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் பழைய கீறல்களோடு ஒன்றாகப் போயிருக்கும். கருநீலத்தில் உள்காரை வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. றோட்டிலிருந்தே தெரிந்தது.

மண்சரிவு பார்க்கும் அதிகாரி வரப்போகிறார் என்றதும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தைய மழையில் மேல் லயத்துக்காரர்களை இப்படித்தான் இறக்கினார்கள். அவர்கள் இன்னும் தகரக் கொட்டகையில்தான் கிடக்கிறார்கள்.

“அந்த வெடிப்பப் பூசிடு தாயி. ஒனக்கு அது ஒரு வேலையா?”

“மலை வந்தா என்னா செய்வீங்க மாமா?”

“மலை வர்றது நிச்சயமில்ல. அவரு வந்து பாத்தா நாம போறது நிச்சயம்.”

அக்கா பூசவில்லை.

அதிகாரி குடையோடு வந்தார். வெடிப்புக்குள் பேனாவை விட்டுப் பார்த்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலையே லயம் முழுவதும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கியது.

மண்டபத்தில் அத்தை தன் பாயை எங்களிடமிருந்து தள்ளிப் போட்டார். “கொழும்பு ஆளுங்க படத்துக்குப் பேரு கேட்டா, குடிகெடுத்த படம்னு சொல்லு,” என்றார் என்னிடம். கொழும்பு ஆட்கள் வரவில்லை. பாதை அடைபட்டிருந்தது. திறந்த பிறகும் அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மலை விழவில்லை. பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும், இடம் பார்த்துத் தரும்வரை உறவுக்காரர் வீட்டில் இருங்கள் என்றார்கள். எங்கள் உறவுக்காரர்கள் எல்லோரும் அதே மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக லயத்துக்குத் திரும்பி ஏறியது. கடைசியாக நாங்கள்.

பின்சுவர் முழுக்க வெள்ளை. அடுத்த அதிகாரியின் கண்ணில் படாதபடி யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்தக் கருநீலத்தை மூட எத்தனை தடவை அடித்தார்களோ. யார் அடித்தது என்று நான் லயமெல்லாம் கத்தித் திரிந்தேன். அக்கா கேட்கவில்லை. கரண்டிக் காம்பை எடுத்து, கோடு இருந்த இடத்தைச் சுரண்டினாள்.

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா?” என்றார் அத்தை.

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். அத்தை கிட்டே வந்து தன் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். முதல் கணுவரை போனது. வீட்டுக்குள் போய் அரிசி களைந்தார். சாயங்காலம் பார்த்தால் அந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு.

அதிலிருந்து மழை நாளெல்லாம் இப்படித்தான். அக்கா வேறு எதையும் வரைவதில்லை. பெயின்ட் டப்பாக்களில் அம்மா ஒழுக்குத் தண்ணீர் பிடிக்கிறாள். இன்று காலையும் அக்கா சுரண்டிக்கொண்டிருந்தபோது, வேலைக்குக் கிளம்பிய அத்தை நின்றார்.

“எப்படியிருக்கு?”

“நேத்த விட கூட.”

“ராவைக்கு இங்க இருக்கலாமா?”

அக்கா கரண்டிக் காம்பை இன்னும் உள்ளே விட்டாள்.

“சரி, பாத்து முடிச்சிட்டு சொல்லு. அந்திக்கு வந்து நான் பூசிடுறேன்.”