ஆடி முடியட்டும் என்று ஓட்டிய வண்டி

ஆடி வெள்ளியன்று மூன்று அம்மன் கோயில்களை ஒரே காலையில் காரில் தரிசிக்க வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். போன ஆடியில் நான் கிளம்பிய வழி இது: மயிலாப்பூர், தி.நகர், பாலவாக்கம். மொத்தம் சுமார் பதினாறு கிலோமீட்டர். பாலவாக்கத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. அது வழியின் குற்றம் இல்லை, என் குற்றம்.

எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, ஏழு வருடப் பழைய சொகுசு எஸ்.யூ.வி. சஸ்பென்ஷனில் இரும்புச் சுருள் கிடையாது; காற்று நிரம்பிய ரப்பர் பைகள்தான் வண்டியைத் தாங்கும். ஆனி கடைசியில் இடது முன்பக்கம் மட்டும் காலையில் தாழ்ந்து நிற்பதைக் கவனித்தேன். விளக்கேற்றிவிட்டு வந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் வைத்து அளந்து தினமும் நோட்டில் எழுதினேன். நான்கு விரல், மூன்றரை, மூன்று. அளந்ததோடு சரி.

ஆடி மூன்றாம் தேதி ஆதம்பாக்கம் மெக்கானிக் ஏகாம்பரத்திடம் காட்டினேன். பையின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். நுரை குமிழி குமிழியாக வந்தது.

"பை வெடிப்பு வுட்டுகீதுக்கா. இப்ப மாத்துனா முப்பத்தெட்டாயிரத்தோட போவும். லேட் பண்ணா காத்தடிக்கிற கம்ப்ரஸரும் பூடும்."

"ஆடி முடியட்டும்பா. இந்த மாசத்துல புதுசா எதுவும் போட மாட்டோம்."

"வண்டிக்கு இன்னா ஆடி, ஆவணி? ஆத்தாவா வந்து கேக்கப் போவுது?"

எனக்குக் கோபம் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கணவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் வெள்ளி காலை 6.10க்குக் கிளம்பினோம். கூட வந்தவள் என் நாத்தனார் வசந்தா. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போக இருந்தாள். ஆட்டோ குலுக்கும், நம் வண்டி மெத்தை மாதிரி என்று நான்தான் முன்சீட்டில் உட்காரவைத்தேன். அந்தப் பைக்கு நேர் மேலே.

மயிலாப்பூரில் வரிசை நாற்பது நிமிடம். தி.நகர் நான்கு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். தரிசனம் முடிந்தபோது ஜவுளிக்கடை திறந்திருந்தது. ஆடித் தள்ளுபடியில் இரண்டு புடவை, பக்கத்துக் கடையில் ஒரு குக்கர். வாங்கும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

10.40க்கு அடையாறு தாண்டும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன அண்ணி, செவப்பா எரியுது?"

"சென்சார் கோளாறு. விடு, கோயில் பக்கம்தான்."

அடுத்த வேகத்தடையில் பை முழுக்க இறங்கி வண்டி தரையில் இடித்தது. வசந்தா "அம்மா" என்று ஒருமுறைதான் கத்தினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புலன்ஸில் கூட்டிப்போனேன். ஆபரேஷனில் முதுகில் போட்ட ஆணிகள் நகரவில்லை, ஆனால் ஆறு வாரம் படுக்கை என்றார் டாக்டர். நான் போன் செய்ததும், ரோட்டில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, சாவி வாங்க ஏகாம்பரம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தார்.

"பின்சீட்டுல புதுக் குக்கர் கீது, புடவப் பை கீது. அதுக்கெல்லாம் ஆடி இல்லியாக்கா?"

அப்போது கணவரின் போன். "மெக்கானிக் முன்னாடியே பாக்கலியா?"

"பாத்தார். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார்."

ஏகாம்பரம் எதிரிலேயே நின்றார். சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு: காலையில் ஒரு மூலை தாழ்ந்திருந்தால், ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் நெடுநேரம் உறுமினால், அந்த வாரமே மாற்றுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டுங்கள், ஆட்களை இறக்கிவிடுங்கள். எனக்குக் கம்ப்ரஸரோடு தொண்ணூற்றாறாயிரம் ஆனது. இந்தப் பதிவில் சின்ன விஷயம் அதுதான்.

நான்காம் நாள் ஆதம்பாக்கம் போய் ஏகாம்பரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று சாயங்காலம் கணவர் இருக்கும்போதே வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"சொவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கணும், அண்ணி," என்றாள். "தனியா முடியல. கொஞ்சம் பிடிங்க."

பிடித்துத் திருப்பிவிட்டேன்.